கடைத்தெருவுக்கு வழி கேட்ட முஹாஜிர்



மக்காவை விட்டு மதீனா வந்த முஹாஜிர்களில் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். அவரைச் சகோதரராக ஏற்ற அன்ஸாரி ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ அவருக்கு துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் வியாபாரம் செய்து தம் காலில் நின்றார். மதரஸாவில் இதைக் கேட்டபோது, நம் தொழிலுக்குக் கிடைத்த சிறப்பென்று மகிழ்ந்ததோடு விட்டுவிட்டோம். அதிலுள்ள இன்னொரு பாடம், காக்ஸ் பஸார் முகாம்களின் நிலையை அறிந்த பிறகே நமக்கு விளங்கிற்று.

நம் பெரியவர்கள் ரங்கூனில் கடை வைத்திருந்த நாளில் அரக்கான் என்று சொன்ன சீமையே ரோஹிங்யா முஸ்லிம்களின் ஊர். 1942-இல் ஜப்பான் யுத்தத்துக்கு அஞ்சிக் கால்நடையாய்ப் புறப்பட்ட இந்தியர்களில் பலர் அவ்வழியாகத்தான் சிட்டகாங் சேர்ந்தனர். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ரோஹிங்யாக்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கிற்று. 2017 ஆகஸ்டு 25-க்குப் பின் இராணுவம் கிராமங்களைக் கொளுத்த, ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு ஓடினர். முன்னரே வந்தவர்களையும் சேர்த்தால் பத்து லட்சத்துக்கு அதிகம். மூங்கிலும் தார்ப்பாயுமே அவர்கள் வீடு. 2021 மார்ச் 22-இல் மூண்ட ஒரே தீயில் சுமார் 45,000 பேர் இருப்பிடம் இழந்தார்கள்.

இவர்களுக்குக் கடைத்தெருவைக் காட்டுவார் இல்லை. முகாமுக்கு வெளியே சென்று வேலை செய்ய அனுமதி கிடையாது. உள்ளே தாமே வைத்த சிறு கடைகளிலும் ஆயிரக்கணக்கானவை 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் இடிக்கப்பட்டன. கடைக்காரராகிய நமக்கு இதன் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ரேஷன் ஒன்றே கதி. உலக உணவுத் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை தந்து, அதில் மாதாமாதம் பணம் ஏற்றுகிறது. முகாமிலுள்ள குறிப்பிட்ட கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆளுக்கு 12 டாலராக இருந்த தொகை, நன்கொடை குறைந்ததால் 2023 மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் இறங்கிற்று. எட்டு டாலர் என்றால் நாளுக்கு 27 அமெரிக்க சென்ட். அவ்வாண்டில் மட்டும் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் 569 ரோஹிங்யாக்கள் மாண்டோ காணாமலோ போயினர். அத்தோணிகள் நாடி வந்த கரைகளில் நம் மலேசியாவும் ஒன்று. 2024-இல் தொகை உயர்ந்தது. 2025 மார்ச்சில் 6 டாலராகக் குறையும் என்று அறிவித்து, கடைசி நேரத்தில் பணம் வந்ததால் தப்பிற்று.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். 2017-இல் உதவி கேட்டபோது நாம் கொடுத்தது என்ன? விற்காமல் கிடந்த கைலிகளில் ஒரு மூட்டை! ஸதகா செய்தோம் என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் தேங்கிய சரக்கைத்தான் தள்ளிவிட்டோம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்ததை அறிந்தும் அப்படிச் செய்தோம். கப்பல் கூலியைக் கணக்கிட்டால் அங்கே எவ்வளவு அரிசி வாங்கியிருக்கலாம்!

அவர்களுக்கு வேண்டியது மாதம் தவறாமல் வரும் பணம். ரமலானில் மொத்தமாகக் குவிந்து, ஷவ்வாலில் நின்றுபோகும் பணமன்று. கடை வாடகைபோல் இதற்கும் மாதாந்தரக் கணக்கில் ஒரு வரி எழுதி வைக்கலாம். ஜக்காத்தைப் பொறுத்தவரை, சூரத்துத் தவ்பாவின் 60-வது ஆயத்தில் சொல்லப்பட்ட எட்டு வகையாரில் பக்கீர், மிஸ்கீன், வழிப்போக்கர் மூவரும் உண்டு. நம் ஜக்காத்தில் எவ்வளவை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதை ஆலிம்களிடமும் மாநில ஜக்காத் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்க. வசூலுக்கு முறையான அனுமதியும் ரசீதும் அவசியம்.

இந்நாட்டிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஐக்கிய நாடுகள் அகதி அட்டையுடன் இருக்கிறார்கள். நம் கடைகளுக்கும் சாமான் வாங்க வருகிறார்கள். சில்லறையை எண்ணித் தருமுன், அவர்கள் பிள்ளைகள் எங்கே ஓதுகிறார்கள் என்று விசாரிப்போமாக. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை.