பத்தால பெருக்க மறக்காதீங்க!

கடையில வாங்குற வினிகர்ல 100 மி.லி.க்குக் குறைந்தது 3.75 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கணும். இது நம்ம நாட்டு உணவு விதி. உண்மையா இருக்கான்னு பார்க்க, முதல் வருஷ லேப் கணக்கே போதும்.

வினிகரை நேரா 20 மி.லி. எடுத்தா, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை 50 மி.லி. ப்யூரெட்ல மூணு தடவை நிரப்பினாலும் பத்தாது. அதனால 10 மி.லி. வினிகரை ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்ல தண்ணி சேர்த்து 100 மி.லி. ஆக்குங்க.

அதுல 20 மி.லி. பிப்பெட் பண்ணி, ரெண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு டைட்ரேட் பண்ணுங்க. வெளிர் ரோஸ் கலையாம நின்னதும் நிறுத்துங்க. மெத்தில் ஆரஞ்சு வேண்டாம். அசிட்டிக் வலுக்குறைந்த அமிலம்ங்கறதால அது முன்னாடியே நிறம் மாறிடும்.

16 மி.லி. செலவாச்சுன்னு வைங்க.

வி₁ × என்₁ = வி₂ × என்₂
20 × என்₁ = 16 × 0.1
என்₁ = 0.08 நார்மல்

இது நீர்த்த கரைசலோட செறிவு. பத்தால பெருக்கினா வினிகரோடது: 0.8 நார்மல். சமான எடை 60. ஆக லிட்டருக்கு 48 கிராம், 100 மி.லி.க்கு 4.8 கிராம். பாஸ்!

பெருக்க மறந்தா 0.48 தான் வரும். நல்ல வினிகரைப் போலின்னு எழுதிக் கொடுத்துடுவோம். விடை வந்ததும் ஒரு கேள்வி கேளுங்க: இது ஃபிளாஸ்க்ல இருக்கறதா, பாட்டில்ல இருக்கறதா?