திருவையாறு என்னும் சொல்லும் குறியேற்ற மாற்றமும்

காவிரியின் வடகரையில் விளங்கும் திருவையாற்றை அறியாதார் நம்முள் இலர். அவ்வூர்ப் பெயரையே பாடமாகக் கொண்டு, பழைய கணினிக் கோப்பிலுள்ள தமிழை இக்காலக் குறியேற்றத்திற்கு மாற்றும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எவ்வெழுத்துக்கு எவ்வெண் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். 1990-களில் தமிழுக்கு இவ்வுடன்பாடு ஒன்றாயில்லை. மின்னஞ்சல்வழிக் கலந்தாராய்ச்சியில் எழுந்த திஸ்கி ஒன்று. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் என்பன வேறு. 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது வழக்கில் பரவப் பல்லாண்டு சென்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற நேர்ந்தது. அக்காலத்துத் திஸ்கிக் கோப்பை இன்று திறப்பவர் பொருளற்ற அயற்குறிகளையே காண்பர். கோப்பு அழியவில்லை, அதனைப் படிக்கும் திறவுகோலே தொலைந்தது.

நிற்க. திஸ்கி, கண் காணும் வரிசையில் எழுத்துகளை வைப்பது. யூனிகோடு, நா ஒலிக்கும் வரிசையில் வைப்பது. திருவையாறு என்பது திஸ்கியில் தகரம், இகரக் குறி, ரு, ஐகாரக் கொம்பு, வகரம், யகரம், துணைக்கால், று என எட்டு எண்களாகும். யூனிகோடில் ரு, று என்பன உகரக் குறி பிரிந்து நிற்க, கொம்பு வகரத்தின் பின்னே செல்ல, எண்கள் பத்தாகும். ஆதலின் எண்ணுக்கு எண் மாற்றுதல் மட்டும் போதாது. இடமும் மாற்றுதல் வேண்டும்.

உரைத்தொகுப்பியில் இதனைச் செய்யும் முறை வருமாறு:

முதலாவது, மூலக் கோப்பின் படியொன்றைத் தனியே காத்தல்.

இரண்டாவது, கோப்பை இலத்தீன் குறியேற்றத்தில் திறந்து, தோன்றும் அயற்குறி ஒவ்வொன்றுக்கும் ஈடான தமிழ்க் குறியைத் தேடி மாற்றும் கட்டளையால் இடுதல்.

மூன்றாவது, கொம்பு, எழுத்து, துணைக்கால் என மூன்றும் தொடருமிடத்தில், எழுத்தை முன்வைத்து ஒகர ஓகாரக் குறிகளை இடுதல்.

நான்காவது, எஞ்சிய கொம்புகளை அடுத்த எழுத்தின் பின் வைத்தல்.

இறுதியில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தல். இணையப் பக்கமாயின் அதன் தலைப்பகுதியில் அறிவித்துள்ள குறியேற்றப் பெயரையும் திருத்துதல் வேண்டும்.

மூன்றாவதற்கு முன் நான்காவதைச் செய்தால், சோற்றுத்துறையின் முதலெழுத்தில் இரட்டைக்கொம்பு வேறாகவும் துணைக்கால் வேறாகவும் நின்றுவிடும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாதிருக்கலாம். ஆயின் எண்களை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அவ்வூர் அகப்படாது. நான்காவதை மறதியால் இருமுறை நடத்தினாலோ, ஐகாரக் கொம்பு யகரத்தையும் தாண்டிச் சென்று திருவையாற்றைச் சிதைக்கும். மேலும், ஔகாரக் குறிக்கு ஈடாக ளகரத்தையே தட்டெழுதினார் பலர். கௌதமனைத் திருத்தக் கருதி, கொம்பும் எழுத்தும் ளகரமும் தொடருமிடமெல்லாம் ஔகாரமாக்கினால், 'தெளிவு' என்னும் சொல்லே தெளிவிழக்கும். அங்குப் பொருளறிந்து ஒவ்வொன்றாக மாற்றுதலே தக்கது.

முழுக் கோப்பில் கைவைக்குமுன் சிறு சோதனை செய்தல் நன்று. அதற்குச் சப்தஸ்தானத்து ஏழூர்ப் பெயர்கள் போதும்: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம். இவற்றுள் நான்கில் கொம்பு உண்டு, மூன்றில் இல்லை. நான்கும் திருந்தி, மூன்றும் மாறாதிருப்பின் முறை சரியெனக் கொள்ளலாம்.

இவ்விடர்ப்பாடு நமக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளில் புள்ளியில்லை. எகர ஏகாரக் கொம்புகளுக்கு வேறுபாடில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், இடம் நோக்கிப் பொருள் ஆராய்ந்தே ஏட்டெழுத்தை அச்செழுத்தாக்கினர். இன்று குறியேற்றத்தை நொடியில் மாற்றும் கருவிகள் உள. எனினும் அவை மாற்றித் தந்ததைப் படித்துப் பார்க்கும் கடமை நம்முடையதே. தம் பழைய கட்டுரைகளைப் பெட்டியிலும் தகட்டிலும் வைத்திருக்கும் அன்பர்கள், திறவுகோல் முற்றும் மறக்கப்படுமுன் இப்பணியைத் தொடங்குவாராக.