ஓசையின்றி உயரும் அழுத்தம்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது. காயம் பட்டால் வலிக்கிறது. ஆகவே, நோய் வந்ததை உடலே அறிவித்துவிடும் என்று நம்புகிறோம். அந்நம்பிக்கையைப் பொய்யாக்கும் நோய் ஒன்று உண்டு. உலகின் ஆற்றல்மிக்க தலைவர் ஒருவரின் உடலில் அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்த வரலாற்றையும், அதன்பின் மருத்துவ உலகம் கற்ற பாடத்தையும் இவ்வுரைநடை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

உயர் இரத்த அழுத்தத்தை மக்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என்பர். இப்பெயர் ஒரு தவறான எண்ணத்திற்கு இடமளிக்கிறது. இந்நோயில் இரத்தம் கொதிப்பதில்லை. சினம் மிக்கவருக்கு மட்டுமே இது வரும் என்பதும் இல்லை. அமைதியானவர், சிரித்த முகத்தினர், நன்றாக உண்டு உறங்குபவர் ஆகியோரிடமும் இது மறைந்திருக்கலாம்.

இதயம் சுருங்கும்பொழுது இரத்தம் தமனிகளுக்குள் விசையுடன் செலுத்தப்படுகிறது. அப்பொழுது தமனிச் சுவரின்மீது ஏற்படுவது சுருக்கழுத்தம். இதயம் தளர்ந்து விரியும்பொழுது எஞ்சி நிற்பது விரிவழுத்தம். 120/80 என்று எழுதினால் முதல் எண் முன்னதையும் இரண்டாம் எண் பின்னதையும் பாதரச மில்லிமீட்டர் அளவில் குறிக்கும். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும். 180/120 என்னும் அளவைக் கடந்தால் அது மிகை உயர் அழுத்தமாகும்.

ஒரு தலைவரின் மருத்துவக் குறிப்பு

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1937இல் அவருடைய இரத்த அழுத்தம் 162/98, 1941இல் 188/105. இவ்வெண்கள் குறித்து வைக்கப்பட்டனவேயன்றி, அவற்றைத் தணிக்கும் முயற்சி பெரிதாக நிகழவில்லை. அகவை கூடுகையில் அழுத்தமும் கூடுவது இயல்பே என்பது அக்கால மருத்துவர் பலரின் கருத்தாக இருந்தது. இறுகிய தமனிகளின் வழியே இரத்தத்தைச் செலுத்த அழுத்தம் உயர்ந்துதான் ஆகவேண்டும். அதைக் குறைத்தால் தீங்கு நேரும் என்றுகூடச் சிலர் கருதினர்.

1944 மார்ச் மாதத்தில் இதயநோய் மருத்துவர் ஹோவர்டு புரூன் அவரை ஆய்வு செய்தார். அழுத்தம் 186/108; இதயம் பெரிதாகியிருந்தது; அதன் செயல்திறனும் குன்றியிருந்தது. உப்பைக் குறைத்தல், புகைப்பதைக் குறைத்தல், ஓய்வு, இதயத்திற்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ் மருந்து ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். இரத்த அழுத்தத்தை உறுதியாகவும் தீங்கின்றியும் குறைக்கும் மாத்திரை எதுவும் அன்று இல்லை. தம் அழுத்தம் எவ்வளவு என்று தலைவரும் கேட்டறிய முற்படவில்லை. அவர் நலமாக உள்ளார் என்றே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் நான்காம் முறையாகத் தேர்தலில் வென்றார். இறப்பதற்கு முந்திய மாதங்களில் அவருடைய அழுத்தம் 260/150 வரை உயர்ந்தது.

1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், ஓவியர் ஒருவர் தம் உருவத்தை வரைவதற்காக அவர் அமர்ந்திருந்தார். பிடரியில் கடும் வலி என்று கூறியவர் உடனே நினைவிழந்தார். அப்பொழுது அளந்த அழுத்தம் 300/190. மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவினால் சில மணி நேரத்தில், தம் 63ஆம் அகவையில் அவர் உயிர்நீத்தார். சிறந்த மருத்துவர்கள் அருகிலேயே இருந்தனர். எண்களும் கண்முன்னே இருந்தன. அவ்வெண்கள் உணர்த்திய பேரிடரை முன்பே உணர்ந்து தடுக்கும் அறிவும் மருந்துமே இல்லை.

உறுப்புகளுக்கு நேரும் கேடு

தமனியின் சுவர் நெகிழும் தன்மையுடையது. ஓயாத மிகை அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி அது தடித்து இறுகுகிறது; சில இடங்களில் நலிந்து புடைக்கிறது. மூளையில் நலிந்த நுண்தமனி வெடித்தால் இரத்தம் கசியும். அடைபட்டால் பக்கவாதம் நேரும். எதிர்விசையை வென்று உந்த வேண்டியிருப்பதால் இதயத்தின் தசை தடிக்கிறது, பின்னர் தளர்ந்துவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகள் சிதைகின்றன. விழித்திரையின் நுண்குழல்களில் கசிவு ஏற்பட்டுப் பார்வை மங்குகிறது. இவை அனைத்தும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்கின்றன.

மாறிய மருத்துவம்

1948இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு தொடங்கியது. அழுத்தம் உயர உயர இதயநோயும் பக்கவாதமும் பெருகுகின்றன என்பதை அது தெளிவாக்கியது. 1949இல் பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தா இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1958இல் குளோரோதயசைடு என்னும் மாத்திரை பயன்பாட்டிற்கு வந்தது.

1967இல் வெளியான ஆய்வு ஐயத்தை நீக்கியது. விரிவழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவருள் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. மருந்து பெறாதவருள் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. பெற்றவருள் அவ்வாறு நேர்ந்தது இருவருக்கே. அழுத்தத்தைக் குறைப்பது உயிர்காக்கும் என்பது உறுதியாயிற்று.

இன்று செய்யத்தக்கது

அன்று இல்லாத மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆயினும், உலகில் 30 முதல் 79 அகவைக்குட்பட்ட 128 கோடிப் பேர் இந்நோயுடையவர் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. மருந்தின்மை நீங்கிற்று, அறியாமை நீங்கவில்லை.

அளந்து பார்ப்பதே முதற்கடமை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். நடைப்பயிற்சி நன்மை தரும். புகையும் மதுவும் தீமை தரும். அழுத்தம் சீரானது கண்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் பெருந்தவறு, சீரானது மாத்திரையினால்தான்.

அழுத்தம் 180/120ஐக் கடந்தால் சில நிமிடம் அமைதியாக அமர்ந்து மீண்டும் அளத்தல் வேண்டும். அப்பொழுதும் குறையாவிடில், வேறு அறிகுறி இல்லையெனினும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடன் தோன்றினால் 108 ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும். அச்சத்தால் மாத்திரைகளை மிகுதியாக விழுங்குதல் கூடாது. அழுத்தம் திடீரெனச் சரிந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்துவிடும்.

உடல் சொல்லாததை அளவி சொல்லும். அச்சொல்லைக் கேட்டு நடப்பது நம் கையில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் சுற்றும் பட்டையுடன் கூடிய அழுத்தமானியை உருவாக்கினார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், தமனியின் ஒலியை ஸ்டெதாஸ்கோப்பின் வழியே கேட்டு இரண்டு அழுத்தங்களையும் அளக்கும் முறையைக் கண்டறிந்தார்.

கற்பவை கற்றபின்

1. ‘மருந்தின்மை நீங்கிற்று, அறியாமை நீங்கவில்லை’ – இத்தொடரைப் பாடப்பகுதிவழி விளக்குக.
2. உங்கள் வீட்டில் உள்ள பெரியோரின் இரத்த அழுத்தம் இறுதியாக எப்பொழுது அளக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்து, அளக்காதவரை அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க.