கதிர்வீச்சுப் பொருளுக்குக் காவல் எதற்கு?



அணு என்றதும் நமது மனம் கிரோசிமாவையும் நாகசாகியையும் நினைக்கிறது. அணுகுண்டுக்கும் அணு உலைக்கும் காவல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் நோயைக் குணமாக்கவென வைத்தியசாலையில் இருக்கும் கதிர்வீச்சுப் பொருளுக்கும் சட்டமும் காவலும் வேண்டுமா? வேண்டும் என்பதைப் பிரேசில் நாட்டின் கோயானியா நகரம் நான்கு உயிர்களைப் பறிகொடுத்தே கற்றுக்கொண்டது.

கோயானியாவில் நடந்தது

அந்நகரில் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளித்துவந்த தனியார் நிலையமொன்று 1985ஆம் ஆண்டின் இறுதியில் வேறிடத்துக்கு மாறியது. ஒரு கருவியைக் கொண்டுசென்றவர்கள், மற்றொன்றைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றனர். அனுமதி வழங்கிய அதிகாரிகளுக்கு அதை அறிவிக்கவும் இல்லை. கட்டடத்தின் ஒரு பகுதி பின்னர் இடிக்கப்பட்டது.

1987 செப்டெம்பர் 13ஆம் திகதி இருவர் அங்கே நுழைந்து, விற்றுக் காசாக்கலாம் என்று எண்ணிக் கருவியின் தலைப்பாகத்தைக் கழற்றி எடுத்தனர். அதனுள்ளே 100 கிராமுக்கும் குறைவான சீசியம்-137 உப்பு இருந்தது. அதை வாங்கிய பழைய இரும்பு வியாபாரி, இரவில் நீல ஒளி வீசுவதைக் கண்டு அதிசயித்தார். அரிசி மணி அளவான துண்டுகள் உறவினர்க்கும் நண்பர்க்கும் பகிரப்பட்டன. சிலர் அதை உடம்பிலும் பூசிக்கொண்டனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அத்தூள் ஒட்டிய கையினாலேயே உணவு உண்டாள்.

அவர்களுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டன. இந்தப் பொருளே காரணம் என்று முதலிற் சந்தேகித்தவர் வியாபாரியின் மனைவி. செப்டெம்பர் 28ஆம் திகதி எஞ்சியதை ஒரு பையில் இட்டு, பஸ்ஸில் ஏற்றிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டு சென்றார். மறுநாள் பௌதிகவியலாளர் ஒருவர் அளந்து பார்த்தபோதே உண்மை வெளிவந்தது. அந்தப் பெண்ணும், அச்சிறுமியும், இரும்புக் கடையில் வேலைசெய்த இரு இளைஞரும் ஒக்டோபர் மாதத்தில் இறந்தனர்.

ஏறக்குறைய 112,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் கதிர்ப்பொருள் காணப்பட்டது. வீடுகள் சில இடிக்கப்பட்டன. சிறுமியின் உடலை ஈயப் பெட்டியில் வைத்து அடக்கஞ் செய்யக் கொண்டுசென்றபோது, அச்சங்கொண்ட மக்கள் கல்லெறிந்து தடுக்க முயன்றனர். சீசியம்-137 பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். அங்கிருந்து அள்ளப்பட்ட கழிவு இன்றும் காவலில் வைத்திருக்க வேண்டியதாகவே உள்ளது.

பாதுகாப்பு வேறு, காவல் வேறு

இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்தறிய வேண்டும். பொருளிலிருந்து மனிதரைக் காப்பது பாதுகாப்பு. ஈயக் கவசமும் தடித்த சுவரும் இதற்காகவே. மனிதரின் கையிலிருந்து பொருளைக் காப்பது காவல். பூட்டு, பதிவேடு, காவலாளி, சட்டம் ஆகியன இதற்குரியவை. கோயானியாவில் கவசம் இருந்தது. ஆனால் பூட்டும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. கருவிக்கு அனுமதி கொடுத்த சட்டம், அது கைவிடப்பட்ட நாளில் அதைப் பின்தொடரவில்லை.

உலகம் இயற்றிய விதிகள்

அணுப்பொருட்களின் பௌதிகக் காவல் பற்றிய உடன்படிக்கை 1980இல் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு 1987இல் நடைமுறைக்கு வந்தது. நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லப்படும் யூரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றையே அது முக்கியமாகக் கருதியது. 2005இல் செய்யப்பட்ட திருத்தம், உள்நாட்டு அணு நிலையங்களையும் காவல் செய்யும் கடமையை அரசுகளின்மேற் சுமத்தியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வர 2016 மே 8 வரை சென்றது.

எனினும் வைத்தியசாலையின் சீசியமும் கோபால்ற்றும் அவ்வுடன்படிக்கைக்குள் அடங்கா. அவற்றுக்கென சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 2003இல் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றது. அபாயம் மிகுந்த பொருட்களுக்கு ஒவ்வொரு நாடும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என அது கூறுகிறது. ஆனால் அது அறிவுரையே, சட்டமாகக் கட்டுப்படுத்தாது. அதைச் சட்டமாக்குவது அந்தந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் வேலை.

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் வந்தது. அணுசக்தியின் பயன்பாட்டை வளர்க்கும் சபை ஒன்று. அனுமதி வழங்கி மேற்பார்வை செய்யும் பேரவை மற்றொன்று. இவ்விரண்டையும் அச்சட்டம் பிரித்து வைத்தது. பயன்படுத்துவோரும் கண்காணிப்போரும் ஒருவராகவே இருந்தால் கண்காணிப்பு தளர்ந்துபோகும் அல்லவா?

சட்டம் மட்டும் போதுமா?

இந்தியாவில் 2010இல் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆயினும் டில்லியில், பல்கலைக்கழகம் ஒன்றில் நெடுங்காலம் பயன்படாதிருந்த கோபால்ற்று-60 கருவி 2010இல் ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஏட்டில் உள்ள சட்டம் தானாக வந்து கதவைப் பூட்டாது. அதைச் செய்யும் உத்தியோகத்தர் வேண்டும். பயனற்ற கருவியைத் திருப்பி ஒப்படைக்கும் வழியும் செலவும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்படவேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்போன்ற அடையாளம் கதிர்வீச்சைக் குறிக்கும். அதன் பொருள் பலருக்கு விளங்காததால், 2007இல் புதிய அடையாளம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன் என்பன அதில் உண்டு. இவற்றைக் கண்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கோ சுகாதார அதிகாரிகளுக்கோ உடனே அறிவிக்கவேண்டும். அளவுக்கு மீறிப் பாரமான, இனந்தெரியாத உலோக உருளையையும் உடைத்துப் பார்க்கலாகாது.

குடும்பமாகச் சிந்திக்க

1. கோயானியாவில் முதற் தவறு எது? கருவியை எடுத்தவர்களுடையதா, விட்டுச் சென்றவர்களுடையதா?

2. பாதுகாப்புக்கும் காவலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.

3. நன்மைக்காக வாங்கிய ஒன்று பயனற்றுப்போன பின்பும் அதன் பொறுப்பு யாருடையது?