கட்டபொம்மனுக்கு வாரம் ஆறு குடம்



பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தூத்துக்குடியில் வாங்கிய இரண்டு டைகர் ஆஸ்கர் மீன்களுக்கும் கட்டபொம்மன், ஊமைத்துரை என்று பேர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் வேறு என்ன பேர் வைக்க முடியும்! வாங்கியபோது விரல் நீளம் இருந்தவை இப்போது உள்ளங்கையை மறைக்கின்றன, இரண்டடித் தொட்டி இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்கிறீர்கள். இன்றைக்கே தாங்கவில்லை என்பதுதான் பதில்.

ஆஸ்கர் அமேசான் படுகையின் மீன். முதல் வருஷத்தில் மாதத்துக்கு ஓர் அங்குலம் வரை நீளும். தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால் வீட்டுத் தொட்டியிலேயே ஓர் அடியைத் தொட்டுவிடும்; பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருக்கும். தொட்டி சின்னதாக இருந்தால் மீனும் சின்னதாகவே நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்களாமே, அதை நம்பாதீர்கள். கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி குன்றும்தான். ஆனால் அப்படிக் குன்றிய மீன் நோஞ்சானாகிச் சீக்கிரம் செத்துப்போகும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் உங்கள் தொட்டி 57 லிட்டர்தான் பிடிக்கும். ஓரடி மீனால் ஓரடி அகலத்துக்குள் திரும்பக்கூட முடியாது. ஒரே ஓர் ஆஸ்கருக்கு நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். அது 255 லிட்டர். இரண்டுக்கும் இடம் தர நினைத்தால் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 680 லிட்டர். வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றியாக வேண்டும். ஒற்றை மீனுக்கு ஆறு குடம். இரட்டைக்கு 200 லிட்டருக்கு மேல்.

தொட்டி வாங்குகிற காசைப் பற்றி நான் பேசவில்லை, கவனித்தீர்களா? உங்கள் பக்கத்தில் மீன் வளர்ப்பது தண்ணீர்க் கணக்கு. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாகக் கோவில்பட்டிக்கு வந்து சேர வேண்டிய சீமை அது. குழாயில் வரும் நாளைப் பார்த்திருந்து குடத்தை வரிசையில் வைக்கிற வீட்டில், மீனுக்கு வாரம் 200 லிட்டர் கேட்டால் உங்கள் ஆச்சி திட்டாமல் என்ன செய்வார்? அவர் பக்கம்தான் நானும். ஒரு மீன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு குடத்துக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீர் வீணில்லை, நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் உரம். மீனுக்கு வைத்தியமாக உப்புப் போட்ட வாரம் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். கரிசலில் ஏற்கெனவே இருக்கிற உப்பு போதும்.

போர்த் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடினத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்கிற மீன்தான் ஆஸ்கர். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. புரதத் தீனி தின்கிற பெரிய மீன், செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடும். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அதிகக் கெடுதல் இல்லாதது, மற்றது நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச்சும் சூடும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7 உள்ள தண்ணீரில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதே அம்மோனியா, பிஎச் 8.5, வெப்பம் 30 டிகிரி என்ற நிலையில் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு நஞ்சாக மாறிவிடும். கரிசல் காட்டுத் தண்ணீர் பிஎச் 8ஐத் தாண்டுவது புதிதில்லை. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவதும் புதிதில்லை. சென்னை குளத்தூர் மீன் சந்தையைச் சுற்றி வாழ்கிறவர் சொல்கிற யோசனை உங்களுக்குச் சரிப்படாமல் போவது இதனால்தான். அங்கே மீன் தப்பித்துவிடுகிற அளவு கழிவு, உங்கள் வீட்டில் மீனைக் கொன்றுவிடும்.

ஆகவே போர்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை; உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் பிஎச் திடீரென்று சரியும். இரண்டையும் கலந்து ஒரே அளவில் பழக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற மழைத் தண்ணீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் கேன் செலவு மிச்சம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். கோடையில் தொட்டியின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவை மழைத் தண்ணீராலோ கேன் தண்ணீராலோதான் நிரப்ப வேண்டும்.

அம்மோனியாவைத் தின்று அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய பஞ்சைக் கழுவாமல் அப்படியே புது ஃபில்டருக்குள் போட்டால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கசக்கிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். பாக்டீரியாவும் போய், அவர்கள் வீட்டு மீன் அடுத்த வாரமே சாகக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

மின்வெட்டு பற்றிய உங்கள் பயத்தில் பாதி தேவையற்றது. பிராணவாயு குறைந்த தண்ணீரைத் தாங்குவதில் ஆஸ்கர் பேர்போன மீன். அமேசான் வெள்ளக்காட்டுக் குட்டைகளில் இரவு நேரம் பிராணவாயு அடியோடு குறைந்துவிடும். அங்கே பிழைத்த சாதி இது. உடம்பின் இயக்கத்தையே தணித்துக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குஞ்சைவிடப் பெரிய மீனுக்கு இந்தத் திறன் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, கரண்ட் போனால் மீனுக்கு முன்னால் சாவது ஃபில்டர் பாக்டீரியா. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிக் கிடக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதி.

தீனியில் நீங்கள் செய்கிற ஒன்றை உடனே நிறுத்த வேண்டும். உயிருள்ள சின்னத் தங்கமீன்களை வாங்கிப் போடுகிறீர்கள், ஆஸ்கர் பாய்ந்து விழுங்குவதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கூடுகிறார்கள். வேடிக்கைதான். ஆனால் நோய் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். தங்கமீன் உடம்பில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதியும் உண்டு. அதையே தின்று வளரும் ஆஸ்கர் நாளடைவில் வாடும். நல்ல பெல்லட்தான் அன்றாடச் சாப்பாடு. இடையிடையே மண்புழு, தோலுரித்த இறால், வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி கொடுங்கள். காட்டில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாம் என்று எழுதியிருப்பது நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு. 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளக் காட்டில் எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மருந்தடித்த மக்காச்சோளம், பருத்திப் பக்கம் போகாதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், வளர்க்க முடியாமல் போனால் கண்மாயில் விட்டுவிடலாம்தானே என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கூடாது. நம் கண்மாய்களில் நிறைந்து கிடக்கிற ஜிலேபிக் கெண்டை ஆஸ்கரின் குடும்பம்தான், சிக்லிட் இனம். ஆப்பிரிக்காவின் அந்த மீன் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது 1952இல். இன்றைக்கு அது இல்லாத கண்மாயைக் காட்ட முடியுமா? ஃபுளோரிடாவின் கால்வாய்களில் ஆஸ்கரும் இப்படித்தான் பெருகிக் கிடக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. எல்லாம் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை. கோடையில் கண்மாய் வற்றிவிடுமே என்பீர்கள். ஒரு நல்ல மழையில் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய், அதற்கடுத்த கண்மாய் என்று போய்க்கொண்டே இருக்கும். ஓர் ஈட்டில் ஆயிரம் முட்டைக்கு மேல் இட்டுக் காவல் காக்கிற மீனுக்கு முன்னால் அயிரையும் கெண்டைக் குஞ்சும் எம்மாத்திரம்?

ஊமைத்துரைக்கு வேறு வழி தேடுங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பெரிய மீனைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள். இல்லையென்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரியுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது காட்டக்கூடும். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லை பிரித்துக்கொள்ள இடமில்லாத தொட்டியில் பெரியது சின்னதைக் கடித்தே ஓய்த்துவிடும். அமேசான் கரையில் ஆஸ்கரைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை ஆச்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

புதுத் தொட்டிக்கு மாற்றிய அன்று மீன் அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். பயப்படாதீர்கள், அது ஆஸ்கரின் கோபம். இரண்டொரு நாள் சாப்பிடாமலும் இருக்கும், கட்டாயப்படுத்த வேண்டாம். கல்லும் செடியும் வைத்து அலங்காரம் செய்வது வெட்டி வேலை. எல்லாவற்றையும் பிடுங்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். தொட்டிக்குக் கனமான மூடி போடுங்கள். ஆஸ்கர் துள்ளும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்