கல் பாவிய களமும் களையும்: வருமுன் காக்கும் வழிகள்

சங்கத்தின் சொத்துக்களுள் கணக்கேட்டில் பெரிதாகத் தோன்றாவிடினும், நாள்தோறும் எல்லா அங்கத்தினர்க்கும் பயன்பட்டு வருவது சங்கத்தின் முற்றமாகும். விவசாயிகள் நெல்லையும் நிலக்கடலையையும் மஞ்சளையும் உலர்த்துவது அங்கேதான். நெசவாளர்கள் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பதும், நூற்சிப்பங்கள் வந்து இறங்குவதும், உர மூட்டை ஏற்றிய லாரி வந்து நிற்பதும் அங்கேதான். முன்னர் மண் தரையாக இருந்த இம்முற்றங்களுள் பல இப்போது கருங்கல்லாலோ, கடப்பைக் கல்லாலோ, ‘பேவர் பிளாக்’ எனப்படும் சிமெண்டுக் கட்டைகளாலோ பாவப்பட்டுள்ளன.

பாவி முடித்து ஓரிரு மழைக்காலம் கழிவதற்குள் கற்களின் இடுக்குகளில் புல்லும் பூண்டும் தலைகாட்டுகின்றன. “இவ்வளவு பணம் செலவிட்டும் களை ஒழியவில்லையே” என்று பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் கேட்பது நியாயமே. இக்களை எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு தடுப்பது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

களையினால் விளையும் கேடு

இடுக்கில் முளைத்த புல்லைப் பார்வைக்கு அழகற்றது என்று மட்டும் எண்ணி விட்டுவிடுதல் தவறு. அதனால் விளையும் நஷ்டங்கள் பல.

முதலாவது, தானியத்தின் தரம் கெடுகிறது. களத்தில் உதிரும் களை விதையும் இடுக்கு மண்ணும் நெல்லோடு கலந்து மூட்டைக்குள் செல்கின்றன. அரசுக் கொள்முதலில் மண், கல் முதலிய கனிமப் பொருள்கள் 1 சதவீதமும், பதர், வைக்கோல், களை விதை முதலிய கரிமப் பொருள்கள் 1 சதவீதமுமே அனுமதிக்கப்படுகின்றன. வயலில் பாடுபட்டுக் காத்த தரத்தை உலர்த்தும் களத்தில் இழப்பது வருந்தத்தக்கதன்றோ?

இரண்டாவது, நெசவாளருக்கு நேரும் இடையூறு. நெருஞ்சி தரையோடு படர்ந்து முள் நிறைந்த காயை உதிர்க்கும் இயல்புடையது. அதிகாலையில் வெறுங்காலோடு பாவின் இருபுறமும் நடப்பவர்க்கு அம்முள் தரும் துன்பத்தைச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. இழையில் முள் சிக்கினால் இழை அறுகிறது.

மூன்றாவது, பாவிய தளமே வலுவிழக்கிறது. சிமெண்டுக் கட்டைகள் ஒன்றையொன்று பற்றி நிற்பது இடுக்கில் நிறைந்துள்ள மணலினால்தான். களையை வேரோடு பிடுங்குந்தோறும் அம்மணல் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. மணல் குறைந்த இடத்தில் பாரவண்டியின் சக்கரம் ஏறினால் கட்டை ஆடி, பின் அமிழ்ந்து விடுகிறது.

இவையன்றிப் பார்த்தீனியம் தோலில் அரிப்பையும், சிலர்க்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குகிறது. கிடங்குச் சுவரோரத்தில் அடர்ந்த பூண்டு எலிக்கும் பாம்புக்கும் மறைவிடமாகிறது.

களை எங்கிருந்து வருகிறது?

கல்லுக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்தே எல்லாக் களையும் மேலே வருகிறது என்பது பலருடைய எண்ணம். இது ஓரளவே உண்மை. இடுக்குகளில் நாம் காணும் களைகளுள் பெரும்பாலானவை மேலிருந்து வந்தவையே. காற்றும், வண்டிச் சக்கரமும், வைக்கோற் கட்டும், பறவையும், எறும்பும் விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நிலக்கடலையோடும் மஞ்சளோடும் வரும் வயல் மண் இடுக்கில் படிகிறது. பாவிலிருந்து சொட்டும் கஞ்சியில் தூசி ஒட்டுகிறது. இவ்வாறு சேர்ந்த மண்ணில் ஈரம் தங்குகிறது, விதை முளைக்கிறது. குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, பார்த்தீனியம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சுருங்கச் சொன்னால், நாம் பெருக்காமல் விட்ட மண்ணே இவற்றிற்கு வயலாகிறது.

கோரையும் அருகும் வேறு வகையின. கோரை மண்ணுக்குள் கிழங்குகளைச் சரம் சரமாகக் கோத்து வைத்திருக்கும். அதன் கூரிய முளை பிளாஸ்டிக் தாளையும் துளைத்து வெளிவரும். அருகு கணுக்கள்தோறும் வேர்விட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து ஊர்ந்து வரும். இவை கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் வரும் களைகள்.

ஆகவே பகை இருவகை, பரிகாரமும் இருவகையாகும். மேலிருந்து வருவதைத் துடைப்பத்தாலும் நிறைந்த இடுக்காலும் தடுக்கலாம். கீழிருந்து வருவதைக் கல் பாவுவதற்கு முன்னரே ஒழிக்கவேண்டும்.

புதிதாகப் பாவும்போது கவனிக்க வேண்டியவை

1. கோரையும் அருகும் உள்ள இடமாயின் பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் மண்ணைக் கொத்திப் புரட்டவேண்டும். கிழங்கையும் வேரையும் பொறுக்கி எடுத்து, எஞ்சியவற்றை இரு வாரம் வெயிலில் காயவிடவேண்டும். கோடை உழவின் பயனை அறிந்த விவசாயிகளுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பின்னர் ஒருமுறை நீர் தெளித்து, மீண்டும் முளைப்பவற்றையும் தோண்டி எடுத்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்கவேண்டும்.

2. மேல்மண்ணை அகற்றித் தரையை நன்கு இறுக்கவேண்டும். அதன்மேல் ஜல்லியும் ஜல்லித்தூளும் கலந்த அடுக்கைப் பொறியாளர் குறிக்கும் கனத்தில் பரப்பி இறுக்கவேண்டும். அதற்கு மேல் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை மணற் படுகை போதுமானது. மேடு பள்ளத்தை மணலால் நிரவினால் நாளடைவில் தளம் அமிழும்.

3. நீர் தேங்காதிருக்க 50 அடிக்கு 1 அடி வீதம் சரிவு வேண்டும். ஈரம் தேங்கும் மூலையே களையின் முதல் வீடு.

4. நான்கு ஓரங்களிலும் கரைக்கல்லைச் சிமெண்டுக் கலவையில் உறுதியாகப் பதிக்கவேண்டும். கரைக்கல் இல்லாத தளத்தில் கட்டைகள் வெளிப்புறம் நகர்ந்து இடுக்குகள் விரியும். ஓரத்து அருகும் உள்ளே நுழையும்.

5. கட்டைகளுக்கிடையே இடுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. உலர்ந்த மெல்லிய மணலைத் தூவித் துடைப்பத்தால் இடுக்குகளில் செலுத்தி, அதிர்வு இயந்திரத்தை ஓட்டி, மணல் இறங்கிய இடத்தில் மீண்டும் நிரப்பவேண்டும். ஒருமுறை தூவியதும் வேலை முடிந்தது என ஒப்பந்தக்காரர் கூறுவதை ஏற்கலாகாது.

மணலின் தூய்மையை எவரும் எளிதில் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மணலிட்டு, நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். மணலின் மேல் வண்டல் தடித்துப் படியுமாயின் அம்மணல் இடுக்குக்கு உதவாது, களைக்கு உணவாகும். எம்-சாண்டாயினும் கழுவியதையே வாங்குதல் நலம். கடல் மணல் கூடாது.

மணற் படுகைக்கு அடியில் ‘ஜியோடெக்ஸ்டைல்’ என்னும் செயற்கை இழைத் துணியை விரிக்கலாமா எனச் சில சங்கங்கள் கேட்கின்றன. மண்ணும் ஜல்லியும் கலவாமல் அத்துணி காக்கும். ஆனால் மேலிருந்து விழும் விதையை அது தடுக்காது. களைக்காக மட்டும் அதற்குச் செலவிடுதல் வீண்.

முன்னரே பாவிய முற்றத்தைச் சீர்திருத்துதல்

இடுக்குகளில் உள்ள மண்ணையும் வேரையும் மெல்லிய இரும்புக் கொக்கியால் சுரண்டி எடுத்து, பெருக்கி, நன்கு உலரவிடவேண்டும். சிமெண்டுக் கட்டைத் தளமாயின் தூய உலர்ந்த மணலை மீண்டும் நிரப்பவேண்டும். உறுதியான அடித்தளத்தின் மீது பதித்த கருங்கல் அல்லது கடப்பைக் கல் தளமாயின், இடுக்குகளை நனைத்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலந்து அழுத்திப் பூசி, 7 நாள் ஈரம் காயாமல் காக்கவேண்டும்.

கட்டைத் தளத்தையும் சிமெண்டு கொண்டு அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். மணற் படுகையின் மேல் உள்ள கட்டைகள் பாரத்திற்கேற்பச் சிறிது அசையும் தன்மையுடையன. இடுக்கில் பூசிய சிமெண்டு அவ்வசைவில் வெடிக்கும். வெடித்த பிளவில் மீண்டும் களை முளைக்கும். மேலும், மணல் இடுக்கு வழியே மழைநீரின் ஒரு பகுதி நிலத்துள் இறங்குகிறது. 2003ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவர். சங்கக் கிணற்றுக்குச் சேரவேண்டிய நீரை நாமே தடுத்தல் தகாது.

துடைப்பமும் பருவமும்

களை தடுப்பில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான கருவி தென்னந்துடைப்பமே. வாரம் ஒருமுறை மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி அழுத்திப் பெருக்கினால் இடுக்கில் மண் சேராது. முளைத்த இளம் பூண்டும் வேரூன்றாது. கடலை, மஞ்சள் உலர்த்திய நாட்களில் அன்றன்றே பெருக்குதல் வேண்டும்.

ஆண்டு முழுவதற்குமான வேலைமுறையைப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்:

ஆவணி, புரட்டாசி: வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் இடுக்குகளைப் பார்வையிட்டு, குறைந்த மணலை நிரப்புதல்.

ஐப்பசி: முதல் மழை பெய்த 10 முதல் 15 நாட்களுக்குள் முளைத்தவற்றை ஈரம் இருக்கும்போதே பிடுங்குதல்.

கார்த்திகை, மார்கழி: இரண்டாம் முறை முளைப்பவற்றைப் பூப்பதற்கு முன் நீக்குதல்.

தை, மாசி: அறுவடைக்கு முன் களத்தை முழுவதும் சுத்தம் செய்தல்.

சித்திரை: ஓரங்களில் உள்ள கோரையையும் அருகையும் தோண்டிக் காயவிடுதல்.

பூப்பதற்கு முன் என்பது முக்கியமானது. ஒரு பார்த்தீனியச் செடியே பல்லாயிரம் விதைகளைத் தரவல்லது. முளையிலே கிள்ளுவதற்கு ஓர் ஆள் போதும். விதை சிந்திய பிறகு பல ஆண்டுகள் பாடுபடவேண்டும். பார்த்தீனியத்தைப் பிடுங்குவோர் கையுறை அணிவது அவசியம். விதை முற்றிய களையை எருக்குழியில் இடலாகாது. அவ்வெரு வயலுக்குச் சென்று அங்கும் களையைப் பரப்பும்.

உப்பு, அமிலம், களைக்கொல்லி

உழைப்புக்கு அஞ்சிக் குறுக்கு வழி தேடுவோர் உண்டு. கல்லுப்பைக் கொட்டினால் களை கருகும் என்பது மெய்யே. ஆனால் அவ்வுப்பு மழையில் கரைந்து ஓரத்து மரத்தையும் கிணற்றையும் கெடுக்கும். இரும்புக் கதவையும் கம்பியையும் அரிக்கும். கழிப்பறை கழுவும் அமிலம் சிமெண்டைத் தின்னும். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகையாதலால் அதுவும் அமிலத்தில் அரிக்கப்படும். களையைக் கொல்லப் போய்த் தளத்தையே அழிப்பதாக முடியும்.

சாயப்பட்டறை உள்ள சங்கங்களில் கொதிக்கும் வெந்நீர் கிடைக்கும். அதை இளங்களையின் மேல் ஊற்றினால் அது வாடி மடியும். வேர் ஆழ்ந்த கோரைக்கு இது போதாது. ஊற்றும் நீர் நல்ல நீராக இருக்கவேண்டும். உப்பும் காரமும் கலந்த சாயக் கழிவு நீரை ஒருபோதும் முற்றத்தில் ஊற்றலாகாது.

களைக்கொல்லியைப் பொறுத்தவரை, நெல்லும் நூலும் உலரும் களத்தில் அதற்கு இடமே இல்லை என்பது நம் கருத்து. கிளைபோசேட் என்னும் மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர் வாயிலாக அன்றிப் பயன்படுத்தலாகாது என மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. 2,4-டி மருந்தின் சாரல் சிறிதளவு காற்றில் பறந்து பட்டாலும் பருத்தியின் இலைகள் சுருங்கி வடிவம் மாறும். பக்கத்துப் பருத்திக் காட்டுக்கு உரியவரும் நம் சங்கத்தின் அங்கத்தினரே என்பதை மறவாதிருப்போமாக.

பொறுப்பு யாருடையது?

இதுவரை கூறிய முறைகள் யாவும் எளியவை. ஆயினும் நாம் பார்வையிடும் முற்றங்கள் பலவற்றில் களை மண்டிக் கிடப்பது ஏன்? தம் வீட்டு வாசலில் ஒரு புல்லையும் விட்டுவையாதவர், சங்க முற்றத்தில் முழங்கால் அளவு பூண்டைத் தாண்டி நடக்கிறார். எல்லோர்க்கும் உரியது என்பதால் அது எவருடைய வேலையும் அன்றாகிவிடுகிறது. இதுவே உண்மையான காரணம்.

ஆகவே நிர்வாகக் குழு இதற்குத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுதல் நலம். வாரந்தோறும் பெருக்குவோர் யார், மழைக்குப் பின் பார்வையிடும் குழு உறுப்பினர் யார் என்பதைப் பெயரிட்டுக் குறிக்கவேண்டும். மணல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வரவு செலவுத் திட்டத்தில் சிறு தொகை ஒதுக்கவேண்டும். வேலை நடந்த நாளைப் பதிவேட்டில் எழுதிவரவேண்டும். புதிதாகப் பாவும் சங்கங்கள், ஒரு மழைக்காலம் கழிந்து இடுக்கு மணலை மீண்டும் நிரப்பித் தந்த பின்னரே ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகையைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். உலர்த்த வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்திய பகுதியைப் பெருக்கிவிட்டுச் செல்வது என்ற பழக்கம் ஏற்படுமாயின், மேற்கூறிய செலவிலும் பெரும்பகுதி மிச்சமாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்க முற்றத்தில் உள்ள களைகள் எவை? அவற்றுள் மேலிருந்து வருவன எவை, கீழிருந்து வருவன எவை?

2. முற்றத்தின் எப்பகுதியில் நீர் தேங்குகிறது? கரைக்கல் எங்கே பெயர்ந்துள்ளது?

3. கட்டைத் தளத்தின் இடுக்கில் சிமெண்டு பூசலாகாது என்பதற்குக் காரணங்கள் யாவை?

4. வரும் பருவமழைக்கு முன் செய்யவேண்டிய வேலைகளையும், அவற்றிற்குப் பொறுப்பேற்போரையும் பட்டியலிடுக.