உண்ணியும் காய்ச்சலும்

திண்டுக்கல் நகருக்கு அணித்தே சிறுமலை நீலமேகம் போல் எழுந்து நிற்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தபின் அம்மலையின் அடிவாரத்திலும் சமவெளியின் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் புல்லும் புதரும் செறிந்து வளரும். ஆடு மேய்ப்போரும் புல் அறுப்போரும் அவ்விடங்களை நாடிச் செல்வர். மாலையில் அவர்கள் வீடு திரும்புங்கால், அவர்கள் அறியாத துணை ஒன்று உடன் வருதலும் உண்டு.

ஆட்டின் காதிலும் மாட்டின் மடியிலும் பற்றியிருக்கும் உண்ணியை யாவரும் அறிவர். ‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த அப்பெயர் அதற்கு நன்கு பொருந்தும். குருதியே அதன் உணவு. ஆயினும், மருத்துவர் ‘ஸ்கிரப் டைபஸ்’ என்றும் மக்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றும் கூறும் நோயைத் தருவது அவ்வுண்ணி அன்று. அதன் இனத்தைச் சார்ந்த ‘மைட்’ என்னும் சிற்றுயிரே ஆகும். பெயர் சற்றுப் பிழையாயினும் வழக்கில் ஊன்றிவிட்டது. இனி மாற்றுதல் அரிது.

முட்டையினின்று வெளிவந்த இளம் பருவத்தில் அச்சிற்றுயிருக்கு ஆறு கால்களே உண்டு, வளர்ந்தபின் எட்டு. இளம் பருவத்தில் மட்டுமே அது பிற உயிர்களைக் கடிக்கும். அப்பொழுது அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்கே இருக்கும். அது பெரிதும் நாடுவது எலியை. மனிதர் இடையே அகப்பட்டுக் கொள்பவர். தாயிடமுள்ள நோய்க்கிருமி முட்டையின் வழியே சேய்க்கும் சென்றுவிடுதலால், அது தலைமுறை தலைமுறையாக அந்நிலத்திலேயே நிலைபெறுகின்றது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் போரிட்ட வீரர் பலர் இந்நோய்க்கு இரையாயினர்.

கடிபட்டபொழுது வலி தோன்றாது. பத்து நாள் அளவில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உண்டாகும். கடிவாயில், நெருப்புச் சுட்டாற் போன்ற கரிய பொருக்கு ஒன்று பலருக்குக் காணப்படும். அஃது அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். நோயாளி அதனை அறியார். அறிந்தாலும் நாணத்தால் காட்டார். அதனால் நாட்கள் கழியும். நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரைப் பறித்தலும் உண்டு. இத்தனைக்கும் ‘டாக்சிசைக்ளின்’ என்னும் விலை குறைந்த மருந்தே இதனைத் தீர்க்க வல்லது! நோய் முற்றியவர்க்கு அதனோடு ‘அசித்ரோமைசின்’ என்னும் மருந்தையும் சேர்த்தளித்தல் நலம் என, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டில் காட்டியது.

மெய்யான உண்ணி பரப்பும் நோய்களும் உள. 1957-ஆம் ஆண்டில் இன்றைய கருநாடக மாநிலத்துச் சிமோகாப் பகுதியில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. அயலூர் மக்களும் காய்ச்சலுற்றனர். அதற்குக் காரணம் உண்ணி பரப்பிய வைரசு. அமெரிக்காவில் லைம் என்னும் ஊரில் 1975-ஆம் ஆண்டளவில் சிறுவர் பலருக்கு மூட்டுகள் வீங்கின. மான்கள் திரியும் காட்டிலுள்ள உண்ணியே அதற்கும் காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர். அதன் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர் 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்.

லைம் நோய் பரப்பும் உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உடலைப் பற்றியிருந்தாலன்றிக் கிருமி உட்புகாது; ஆகவே, கண்டவுடன் இடுக்கியால் பற்றி நீக்குவர். நம் புதரிலுள்ள சிற்றுயிரோ எளிதில் கண்ணுக்குத் தோன்றாது. ஆதலின், புல்வெளியினின்று மீண்டவர் அன்றே உடலை நன்கு தேய்த்துக் குளித்து, உடுத்த துணியை வெந்நீரில் தோய்த்து, வெயிலில் கொடியில் உலர்த்துவர். புதரின்மேல் விரித்து உலர்த்துவதில்லை.